பக்கம் திருப்ப வந்தவன்

சுகந்தி தலையசைத்தாள்.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவள் தலைக்கும் என் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவள் வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் ஒரே ஒரு பூ மட்டும் லேசாகப் பழுத்திருந்தது என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

மேடையில் பியானோ. அதன் முன்னால் என் மனைவி. அவளுக்கு இடப்பக்கம், ஒரு நாற்காலியின் நுனியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நான். என் இடது கையின் இரண்டு விரல்கள் இசைப் புத்தகத்தின் வலது மேல் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் தலையசைத்தால் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு வேறு வேலையே கிடையாது.

நான் திருப்பவில்லை.

'எவ்வளவு லயித்து வாசிக்கிறாள் பார், தலைகூட ஆடுகிறது' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்காரனின் விவரம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் காலம் தள்ளியவன் என்பது தெரியும். இன்றுதான் முதல்முறையாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இதுவரை எழுதியதில் நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை.

என் மனைவி சுகந்தி மேற்கத்திய சாஸ்திரிய இசை வாசிக்கும் பியானோ கலைஞர். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் முதல் மாடி எங்களுடையது. கொச்சி, கோவா, கொழும்பு என்று கச்சேரி செய்தவள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில்கூட ஒருமுறை வாசித்தாள். நான் கூடவே பெட்டி தூக்கிக்கொண்டு போய், போன ஊரிலெல்லாம் தயிர் சாதம் கிடைக்குமா என்று விசாரித்தவன்.

எங்கள் வீட்டில் தேங்காய் உடைப்பது, பலாப்பழம் அரிவது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, திறக்காத பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். பியானோக்காரர்கள் வீட்டில் கைதான் முதல் குழந்தை. அது தடுக்கி விழக் கூடாது, வெட்டிக்கொள்ளக் கூடாது, சுட்டுக்கொள்ளக் கூடாது. என் கைகளுக்கு அப்படி ஒரு மரியாதையும் கிடையாது. அவற்றில் இருக்கிற தழும்புகளைப் பார்த்தால் நான் மல்யுத்தக்காரன் என்று நினைப்பீர்கள். எல்லாம் பலாப்பழம்.

வீணைக்காரர் தன் வீணையோடு ஊருக்குப் போகிறார். மிருதங்கக்காரர் தன் மிருதங்கத்துக்கு ரயிலில் பக்கத்து இடம் பிடிக்கிறார். பியானோக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போகிற ஊரில் எது நிற்கிறதோ அதுதான். சில பியானோக்கள் கட்டையை அமுக்கினால் சற்று யோசித்துவிட்டுப் பேசும். கொழும்பில் ஒன்றின் வயிற்றுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அதனால் சுகந்தி எந்த ஊருக்குப் போனாலும், கச்சேரிக்கு முன்னால் அந்தப் பியானோவோடு தனியாகக் கொஞ்ச நேரம் கேட்பாள். கதவைச் சாத்திக்கொள்வாள்.

"உள்ளே என்ன பண்ணுவ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசிப் பார்ப்பேன். அதோட குணம் தெரியணும்ல."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு அப்படி ஒரு சான்ஸ் நீ குடுக்கவே இல்லியே."

"குடுத்திருந்தா கல்யாணம் நடந்திருக்காது."

பஜ்ஜித் தட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஆசிரியர் திட்டினாலும் பரவாயில்லை.

சுகந்தியின் அப்பாவுக்குப் பல்லாவரத்தில் வீடு. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, கப்பலில் ஏற்ற முடியாத ஒரு பொருளை அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வரவில்லை. சும்மா நிற்கிறதே என்று பக்கத்துத் தெரு மிஸ்ஸிடம் பெண்ணைக் கற்றுக்கொள்ளச் சொன்னார் அப்பா. சும்மா நின்றது அவளை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பெண் பார்க்கப் போன அன்று, கூடத்தின் சுவரோரம் ஒரு பெரிய கரிய மர அலமாரி நின்றது. பாத்திரம் வைக்கிற அலமாரி என்றே நான் நினைத்தேன். கையில் பஜ்ஜித் தட்டைக் கொடுத்தார்கள். காபியும் வந்தது. இரண்டு கையும் போதவில்லை. தட்டை அலமாரி மேல் வைத்தேன்.

கூடம் அமைதியாகிவிட்டது. என் அம்மாகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

உள்ளேயிருந்து பட்டுப்புடவையில் ஒரு பெண் வேகமாக வந்தாள். தலை குனியவில்லை. வெட்கப்படவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. தட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, முந்தானையால் அந்த மரத்தைத் துடைத்தாள். அவ்வளவு மெதுவாக ஒருவர் எதையும் துடைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. 'இந்தப் பொண்ணு நம்மளையும் இப்படிப் பார்த்துப்பா' என்று முடிவு செய்துவிட்டேன். கணக்கு கொஞ்சம் தப்பு. அந்த மரத்துக்கு இருக்கிற இடம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதே பியானோதான் இன்று சிட்லபாக்கத்தில் எங்கள் கூடத்தில் நிற்கிறது. லிஃப்டில் நுழையாததால் மாடிப்படி வழியாக ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் ஒருவர், "இன்னா சார் இது, பீரோவா? உள்ள யார்னா கீறாங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு படியிலும் அது முனகிக்கொண்டே வந்தது. அவர் சந்தேகம் நியாயமானதுதான்.

உள்ளே எரிகிற விளக்கு

ஏரிக்காற்று மனிதர்களுக்கு நல்லது. பியானோவுக்கு ஆகாது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்ளும். கட்டைகள் அமுங்கினால் எழுந்திருக்காது. அதற்கு எங்கள் பக்கத்துப் பியானோக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பியானோவின் கீழ்வயிற்றில் ஒரு சின்ன குண்டு பல்பைப் போட்டு எரியவிடுவார்கள். அந்த இளஞ்சூடு ஈரத்தை அண்டவிடாது.

குண்டு பல்புக்கு நான் அலையாத கடையில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு எலக்ட்ரிக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார், எந்தக் காலத்துல கீற? இப்ப எல்லாம் எல்இடிதான். நல்லா வெளிச்சம் குடுக்கும்."

"வெளிச்சம் வேணாம்பா. சூடுதான் வேணும்."

"சூட்டுக்கு எதுக்கு சார் பல்பு? இஸ்திரிப் பொட்டி வாங்கிக்கினு போ."

கடைசியில் பரணிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிக் கொடுத்தார். இன்னும் அதில்தான் ஓடுகிறது எங்கள் வண்டி.

மழை நாளில் விடியும்போது கூடத்துக்கு வந்தால், பலகைகளின் இடுக்கு வழியாக மஞ்சளாக ஒரு கோடு தரையில் விழுந்திருக்கும். வெளியே ஏரி மேல் வெள்ளையாக ஏதோ மிதந்துகொண்டிருக்கும். பனியா கொக்கா என்று சொல்ல முடியாது. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஒரு தடவை கூவிவிட்டுப் போகும். சுகந்தி இன்னும் விளக்குப் போடாமல் அந்தக் கோட்டின் வெளிச்சத்திலேயே உட்கார்ந்து, ரயில் கூவிய அதே ஸ்வரத்தை ஒரே ஒரு விரலால் தொடுவாள். பிறகு வாசிக்க ஆரம்பிப்பாள்.

எனக்கு அப்போது நான் எழுந்துவிட்டேனா, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனா என்பதே தெரியாது. பால் பொங்கி வழிந்த பிறகுதான் தெரியும்.

நாலாவது விரல்

பியானோக்காரர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் மோதிர விரல் நாலாவது.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுகந்தியின் வலது கை நாலாவது விரல் தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை. அவள் நிறுத்தினாள். விரல் நிமிர்ந்தது. வாசித்தாள். மடங்கியது. ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல.

பூக்கட்டும்போது அந்த விரலுக்கு ஒன்றும் ஆகாது. சப்பாத்தி மாவு பிசையும்போது மற்ற விரல்களைவிட அதுதான் சுறுசுறுப்பு. பியானோக் கட்டையைப் பார்த்தால் மட்டும் ஒளிந்துகொள்ளும். நரம்பு டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "விரல்ல ஒண்ணும் இல்லம்மா. ஒரே அசைவை வருஷக்கணக்கா செஞ்சு, மூளைல அந்த விரலுக்கான இடம் குழம்பிடுச்சு. பியானோ வாசிக்கிறவங்களுக்கு வர்றதுதான்" என்றார்.

"சரியாயிடுமா?"

"சில பேர் மறுபடி வாசிக்கறாங்க. சில பேர் வேற வேலைக்குப் போயிடறாங்க."

ஆட்டோவில் திரும்பும்போது சுகந்தி, "எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதே" என்றாள். "கிளெய்ம் பாஸ் பண்ணக் கத்துத் தரேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவள் சிரிக்காதது புதிதல்ல. ஆனால் திட்டவும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மேடை நின்றுபோனது. மாணவிகளுக்குச் சொல்லித் தருவதோடு சரி. தெரிந்த இசையையெல்லாம் அவள் அடியிலிருந்து பிரித்துப் போட்டாள். நாலாவது விரல் போக வேண்டிய இடங்களுக்கு மூன்றாவதையும் ஐந்தாவதையும் அனுப்பினாள். எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று புத்தகத்தில் பச்சைப் பென்சிலால் புதிய எண்கள் எழுதினாள். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகியது ஒரு வழி. இது புது வழி. மனப்பாடமாக வாசித்தால் கை பழைய வழிக்கே ஓடிவிடும், அங்கே நாலாவது விரல் மடங்கிக்கொண்டு காத்திருக்கும். அதனால்தான் இத்தனை காலம் புத்தகம் இல்லாமல் மேடையேறியவளுக்கு இப்போது புத்தகம் வேண்டியிருந்தது. புத்தகம் வந்தால் அதைத் திருப்ப ஓர் ஆளும் வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தின் பழைய அரங்கத்தில் கச்சேரிக்கு அழைப்பு வந்தது. ரொம்ப நாள் யோசித்துச் சரி என்றாள்.

அதே சமயத்தில்தான் ஊரப்பாக்கத்திலிருந்து பார்த்திபன் என்பவர் வந்தார். அங்கே புதிதாக எழுந்திருக்கும் வில்லாக் குடியிருப்பின் கிளப் ஹவுசுக்கு ஒரு பழைய பியானோ தேடுவதாகச் சொன்னார்.

"அங்க வாசிக்க யாராவது இருக்காங்களா?" என்றாள் சுகந்தி.

"இல்ல மேடம். ரிசப்ஷன்ல வெச்சு, மேல ஒரு பெரிய பூஜாடி. பக்கத்துல ஒரு சோபா. போட்டோ எடுத்துக்க சூப்பரா இருக்கும்."

நான் அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போகத் தயாராக எழுந்தேன். சுகந்தி, "கச்சேரி முடியட்டும் சார். மறுநாள் சொல்றேன்" என்றாள்.

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு விரல் மடங்கி நான் பாதில எழுந்துட்டா, இதைக் குடுத்துடலாங்க. வாசிக்க முடியாம, தினம் இதைப் பார்த்துட்டு என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது."

நான் அந்தப் பூஜாடியைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

தாலாட்டு

சாதகம் என்றால் நாம் வேகமாக ஏதோ உருட்டுவார்கள் என்று நினைக்கிறோம். சுகந்தியின் வழி வேறு. எதையும் மெதுவாக வாசிப்பாள். எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே நான் பால்கனிக்குப் போய்த் துண்டைக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். வலது கை மட்டும். பிறகு இடது கை மட்டும். பிறகு கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கி. பிறகு மூடியை மூடிவிட்டு, மரத்தின் மேல் வெறும் விரலால் தட்டி. விமானப்படை விமானம் ஒன்று மொட்டை மாடியை உரசுகிற மாதிரி போகும். நிறுத்த மாட்டாள். விமானம்தான் போய்விடும்.

"வேகத்தை எப்பத்தான் வாசிப்ப?"

"அதை வீட்டுல செலவு பண்ண மாட்டேன். வேகம் தானா வரும். வழி தெரியணும், அவ்வளவுதான்."

கச்சேரியில் இரண்டாவதாக வாசிக்கப்போவது, எப்போதோ வாழ்ந்து மறைந்த ஒரு ஜெர்மானியர் எழுதியது. அவர் பெயரை நான் உச்சரித்தால் அவர் ஆவி வருத்தப்படும் என்பதால் விட்டுவிடுகிறேன். மாதக்கணக்கில் மத்தியானங்களில் அதைக் கேட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் கேட்ட மிக அமைதியான இசை அது. பாதி மூடிய ஜன்னல், ஏரிப்பக்கமிருந்து ஈரக் காற்று, ஒவ்வொன்றாக வந்து விழும் ஸ்வரங்கள். சோபாவில் சாய்ந்தால் கண் சொக்கும். எங்கேயோ ஒரு பெரிய குளத்தில் மல்லாந்து மிதக்கிற மாதிரி, மேலே மேகம் கடக்கிற மாதிரி இருக்கும்.

கீழ்வீட்டு நாகராஜன் சார் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். குழாய்ச் சத்தத்துக்கே சுற்றறிக்கை விடுகிறவர். அவரே ஒருநாள் லிஃப்ட் வாசலில் சொன்னார்: "மேடம் மத்தியானம் வாசிக்கிறாங்களே, அந்தத் தாலாட்டு. அதைக் கேட்டுத்தான் சார் தூங்கறேன். மாத்திரையை நிறுத்திட்டேன்."

அந்தச் சாதகத்தின்போது பக்கம் திருப்புவது நான்தான். நோட்டு படிக்க எனக்கு வராது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். கம்பியில் உட்கார்ந்த குருவிகளுக்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் அவள் தலையசைப்பாள், நான் திருப்புவேன். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? தலையசைப்புக்கு நடுவே இருக்கிற நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டு எழுந்துவிடுவேன். ஒருதரம்கூடப் பிசகியதில்லை.

மேடையில் பக்கம் திருப்ப, கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் அவளுடைய மாணவி ப்ரியாவைத் தயார் செய்திருந்தாள். கச்சேரியன்று மத்தியானம் ப்ரியாவின் அம்மா போன் செய்தார். பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது.

சுகந்தி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இருக்கேனே" என்றேன்.

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கதவுப் பக்கமும் பார்த்தாள். "சரி. வெள்ளைச் சட்டை போட்டுக்குங்க" என்றாள்.

மறுபடியும் மேடை

அரங்கத்தில் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தோம். காற்றில் பக்கங்கள் பறந்துவிடும். எல்லோரும் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். திறந்த ஜன்னல்களுக்கு வெளியே சாயங்கால வெளிச்சம் மரங்களில் தங்கியிருந்தது. எங்கிருந்தோ வேப்பம்பூ வாசனை.

முதலில் வாசித்தது மெதுவான இசை. அதில் நான் ஜொலித்தேன் என்று சொல்வது தற்பெருமை ஆகாது. ஒவ்வொரு பக்கத்தையும் அரங்கத்துக்குத் தெரிகிறபடி ஸ்டைலாகத் திருப்பினேன். கைதட்டலில் ஒரு சிறு பங்கு எனக்கும் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தத் தாலாட்டு.

சுகந்தி புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டாள். கைகளை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். கைகளை எடுத்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு எதையோ வாசிக்கிறாள் என்று நினைத்தேன். மேகம் கடந்துகொண்டிருந்த என் குளத்தின் மதகை யாரோ திறந்து விட்டிருந்தார்கள். பக்கத்தைப் பார்த்தேன். அதே குருவிகள், அதே பச்சை எண்கள். அதே இசைதான். இத்தனை மாதமும் நான் கேட்டது ஒரு பெருமழையை, ஒவ்வொரு துளியாக நிறுத்தி நிறுத்தி. மழை பெய்தால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் தலையசைத்தாள்.

என் கணக்கில் பக்கம் முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ஒரு குட்டித் தூக்கத்துக்கான நேரம். அதனால் ரசிக்கிறாள் என்று நினைத்தேன். நானும் சேர்ந்து தலையாட்டினேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம்தான்.

இரண்டாவது தடவை தலையசைக்கவில்லை. முட்டினாள். அவள் தலை என் தோளில் இடித்தது. திருப்பினேன்.

ஆனால் அதற்குள் அடுத்த பக்கத்தின் முதல் வரியைப் பச்சை எண்கள் இல்லாமலே அவள் வாசித்துவிட்டிருந்தாள். கை தனக்குத் தெரிந்த பழைய வழியில் ஓடியது. அந்த வழியில் என்ன காத்திருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் அவள் வலது கையையே பார்த்தேன்.

நாலாவது விரல் மடங்கியது.

அந்த ஒரு கணம் எனக்கு நினைவிருக்கிற விதமே விசித்திரம். சத்தமே இல்லை. விரல் உள்ளே சுருண்டிருந்தது. அதன் கீழே ஒரு வெள்ளைக் கட்டை அமுங்காமல் அப்படியே இருந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு பெரிய பூஜாடி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதில் பிளாஸ்டிக் பூ.

அடுத்த கணம் சத்தம் திரும்பி வந்தது. அவள் நிற்கவில்லை. கை அந்தக் கட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த விரல் எப்போது நிமிர்ந்ததென்று எனக்குத் தெரியாது.

பயத்தில் அடுத்த பக்கத்தை முன்னதாகவே திருப்பிவிட்டேன். இடது கைக்கு ஓய்வு கிடைத்த ஒரு இமைப்பொழுதில், வாசிப்பை விடாமல், அவளே அதைப் பின்னால் தள்ளினாள். போகிற போக்கில் என் கையையும் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகு நான் அவள் மூச்சைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை.

முடிந்தது. விசிறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். பிறகு கைதட்டினார்கள். நான் எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று தெரியாமல் நடுவாந்திரமாகக் குனிந்து நின்றேன். புகைப்படத்தில், தொலைத்த செருப்பைத் தேடுகிறவன் மாதிரி இருக்கிறேன்.

வெளியே நாகராஜன் சார் மனைவியோடு காத்திருந்தார். "பிரமாதம் மேடம்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "அந்தத் தாலாட்டை வாசிப்பீங்கன்னு கடைசிவரைக்கும் பார்த்துட்டே இருந்தேன். விட்டுட்டீங்களே" என்றார்.

சுகந்தி, "அடுத்த வாரம் வீட்டுல வாசிக்கறேன் சார்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மரியாதைக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேளச்சேரி சாலையில்

காரில் திரும்பினோம். வேளச்சேரி சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. கடைகளின் விளக்குகள் கண்ணாடியில் நீளமாக இழுபட்டு, அவள் புடவை மேல் விழுந்து, கடந்துபோயின. தண்ணீருக்கு அடியில் போகிற மாதிரி இருந்தது.

"சாரி" என்றேன்.

"எதுக்கு?"

"பக்கத்துக்கு."

"எந்தப் பக்கத்துக்கு? ரெண்டு இருக்கு."

முன்னால் நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வண்டியை நகர்த்தினேன்.

"நாலாவது விரல் மடங்கிச்சு. பார்த்தீங்களா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. "பார்த்தேன்" என்றேன்.

"நானும் பார்த்தேன்." அவள் கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "மடங்கிச்சுன்னா அந்த இடத்துலயே எல்லாம் நின்னுடும்னு நினைச்சுட்டிருந்தேங்க. இத்தனை நாளா அதை நினைச்சுத்தான் பயம். ஒரு நோட்டு போச்சு. அடுத்த நோட்டு வந்துடுச்சு."

பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"யாருக்கும் தெரியலை" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுதே. தெரிஞ்சும் வாசிச்சேன்ல."

நாளைக்குப் பார்த்திபன் போன் செய்வார். அவரிடம் என்ன சொல்வது என்று கேட்க வேண்டும். கேட்க எனக்குத் துணிவில்லை. அவள் எழுந்து போகவில்லை, முடித்துவிட்டாள். ஆனால் விரலும் மடங்கிவிட்டது. எங்கள் ஒப்பந்தத்தில் இதற்கு என்ன விதி என்று எனக்குத் தெரியவில்லை. கிளெய்ம் பிரிவில் இருந்தவன் இப்படிச் சொல்லக் கூடாது.

கேம்ப் ரோடு சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினேன். ஒரு பூக்காரி கூடையோடு கண்ணாடியோரம் வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

"ஏங்க."

"ம்."

"அடுத்த தடவை நீங்க வேண்டாம்."

"எதுக்கு?"

"பக்கம் திருப்ப. ப்ரியாவுக்கு உடம்பு சரியாகலேன்னா வேற யாரையாவது பார்த்துக்கறேன். உங்களை நம்பி மேடை ஏற முடியாது."

ஒரே கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். எவ்வளவு தூங்கியும் யாரும் என்னை அனுப்பியதில்லை. இந்த வேலையிலிருந்து சேர்ந்த அன்றைக்கே நீக்கிவிட்டார்கள்.

பின்னால் ஹாரன்கள் கிளம்பின. பச்சை எப்போது விழுந்ததோ தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பெருசு, இன்னா, தூங்கினுகீறியா?"

தூங்கவில்லை. 'அடுத்த தடவை' என்று என் மனைவி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.